வயிறு – பசிறு – வூம்: கருப்பையைக் குறிக்கும் சொற்களின் பொருள் வரலாறு

முன்னுரை

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி வட்டமாகிய ஆனேக்கல், தமிழகத்தின் ஓசூரை ஒட்டியமைந்த எல்லைப் பகுதியாகும். கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மும்மொழிகளும் அன்றாட வாழ்வில் அங்குக் கலந்து வழங்குகின்றன. அத்தகைய ஓர் ஊரில் பெண்ணின் கருவைத் தாங்கும் உறுப்பைச் சுட்ட வழங்கும் பேச்சுச் சொற்களை ஒருசேர நோக்கின் ஓர் ஒற்றுமை புலனாகும். தமிழர் 'கர்ப்பப்பை' என்கின்றனர். கன்னடர் 'கர்ப்பசீல' என்கின்றனர். தெலுங்கர் 'கர்ப்பசஞ்சி' என்கின்றனர். சீல, சஞ்சி ஆகிய இரண்டும் பையைக் குறிப்பனவே. மூன்று மொழிகளும் 'கர்ப்பம்' என்னும் வடசொல்லை முன்னிறுத்தித் தத்தம் மொழியில் பைக்கு வழங்கும் சொல்லைப் பின்னிறுத்தி, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற தொடர்களை ஆக்கிக்கொண்டுள்ளன.

இதனைக் காண்போர், திராவிட மொழிகளில் அவ்வுறுப்பிற்கெனத் தனிச்சொல் இல்லை என்றும், அதனாலேயே வடமொழியிலிருந்து கடன் பெறநேர்ந்தது என்றும் எளிதில் முடிவுகட்டிவிட இயலும். அம்முடிவு பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு ஒப்புநோக்காக ஆங்கிலத்தில் கருப்பையைக் குறிக்கும் பழஞ்சொல்லாகிய 'வூம்' என்பதன் வரலாறு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அச்சொல் நடந்து வந்த வழியும் கன்னடப் 'பசிறு' நடந்து வந்த வழியும் ஒன்றே என்பதும், தமிழ் 'வயிறு' அவ்வழியில் செல்லாது நின்றது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

ஊர்ப்பெயர் உணர்த்தும் எச்சரிக்கை

சொற்பிறப்பு ஆய்வில் ஒலியொப்புமை ஒன்றையே நம்புதல் தகாது என்பதற்கு ஆனேக்கல் என்னும் ஊர்ப்பெயரே சான்றாகும். கேட்ட அளவில் இதனை 'ஆனை' என்பதோடும் 'கல்' என்பதோடும் இணைத்து, யானைக்கல் எனப் பொருள் கொள்ளத் தோன்றும். ஆயின் கன்னடத்தில் 'ஆனெக்கல்லு' என்பது ஆலங்கட்டியைக் குறிக்கும் வழக்குச் சொல்லுமாகும். 'ஆலிக்கல்லு' என்னும் வடிவமும் அம்மொழியில் உண்டு. சங்க இலக்கியத்தில் மழைக்கட்டியைக் குறிக்கும் 'ஆலி' என்னும் தமிழ்ச்சொல்லோடு அது உறவுடையது. 'ஆலி' என்பதன் பொருள் மங்கியபின், மக்கள் தமக்குத் தெரிந்த யானையை அவ்விடத்தில் கண்டுகொள்வது இயல்பே.

இதே நிலை கருப்பைச் சொற்களிலும் உண்டு. 'கருப்பை' என்பது 'கர்ப்பப்பை' என்பதன் திரிபு எனக் கருதுவார் உளர். கரு என்பது முளை, முட்டை, சூல் முதலிய பொருள்களில் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் சொல், பரோ, எமனோ ஆகியோர் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) இதனைத் திராவிடச் சொல்லாகவே பதிவு செய்கிறது. 'கர்ப்ப' என்பதோ வேதகால வடமொழியிலேயே காணப்படும் சொல். இரண்டும் ஒலியால் அண்மித்தன, பொருளாலும் அண்மித்தன, எனினும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததெனக் கொள்ளவேண்டுவதில்லை. மேலும், பெரும்பாணாற்றுப்படையில் வரும் 'கருப்பை' என்னும் சொல் எலியைக் குறிப்பது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. வடிவம் ஒன்றாயினும் சொல் ஒன்றாகாது.

ஆங்கில 'வூம்': வயிறாக இருந்து கருப்பையானது

இன்றைய ஆங்கிலத்தில் 'வூம்' என்பது கருப்பையை மட்டுமே குறிக்கும். ஆயின் பழைய ஆங்கிலத்தில் 'வம்ப்' என வழங்கிய இச்சொல்லின் முதற்பொருள் வயிறு என்பதாகும். மனிதர், விலங்கு, ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி எவருடைய வயிற்றையும் அது சுட்டியது. செருமானியக் கிளைமொழிகள் பலவற்றிலும் இதன் உறவுச் சொற்கள் உள்ளன. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா மொழிபெயர்த்த கோத்திக்கு விவிலியத்தில் 'வம்பா' என்பது வயிறு, கருப்பை ஆகிய இரு பொருளிலும் வழங்குகிறது. ஸ்காட்லாந்து வழக்கில் 'வேம்' என்பது இன்றும் வயிறே. செருமானியக் குடும்பத்திற்கு வெளியே இச்சொல்லுக்கு ஐயமற்ற உறவுச்சொல் கண்டறியப்படவில்லை.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்ளிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு இப்பழம்பொருளைத் தெளிவாகக் காட்டுகிறது. பசியால் வாடிய ஊதாரி மைந்தன் பன்றித் தீவனத்தால் நிரப்ப விரும்பியது தன் 'வூம்'பை. யோனா மூன்று நாள் இருந்தது மீனின் 'வூம்'பில். இவற்றினும் குறிப்பிடத்தக்கது தாவீது அரசனுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியாகும். அவனது வழித்தோன்றல் அரியணையில் அமர்வான் என்னுமிடத்து, ஆண்மகனாகிய தாவீதின் 'வூம்'பின் கனி என்றே அம்மொழிபெயர்ப்பு கூறுகிறது. இலத்தீன் மூலத்தில் உள்ள 'வென்டர்' என்னும் வயிற்றுச் சொல்லுக்கு அதுவே நேர்ச்சொல்லாகக் கொள்ளப்பட்டது.

இந்நிலை மாறியமைக்குக் காரணம் மற்றொரு சொல்லின் வரவாகும். 'பெல்லி' என இன்று வழங்கும் வயிற்றுச் சொல், பழைய ஆங்கிலத்தில் 'பெல்க்' என்னும் வடிவில் தோற்பை அல்லது உறையைக் குறித்தது. கொல்லனின் துருத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதனின்று பிறந்ததே. பை என்னும் பொருளினின்று வயிறு என்னும் பொருளுக்கு அச்சொல் நகர்ந்தபோது, ஒரே பொருளுக்கு இரு சொற்கள் நின்றன. சாசரின் காண்டர்பரிக் கதைகளுள், பாவமன்னிப்புச் சீட்டு விற்போன் பெருந்தீனியைப் பழிக்கும் பகுதியில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வருவதைக் காணலாம். காலப்போக்கில் பொதுவயிறு 'பெல்லி'க்கு உரியதாயிற்று. 'வூம்' கருத்தாங்கும் இடத்திற்கு மட்டும் ஒதுங்கியது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பில் ஊதாரி மைந்தன் நிரப்ப விரும்புவது 'பெல்லி'யையே.

எனினும் மாற்றம் அத்துடன் நின்றுவிடவில்லை. அதே 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில், எரேமியா தாயின் வயிற்றில் உருவாகுமுன்னரே அறியப்பட்டவர் எனக் கூறுமிடத்தில் 'பெல்லி' என்னும் சொல்லே கருப்பைக்கும் ஆளப்பட்டுள்ளது. ஒரு வயிற்றுச் சொல் கருப்பைக்கெனச் சுருங்கியபின், அதன் இடத்தைப் பிடித்த புதிய வயிற்றுச் சொல்லும் கருப்பையைச் சுட்டத் தொடங்குகிறது. இது ஒரு சுழற்சி எனலாம்.

தாய் என்னும் பெயர் பெற்ற உறுப்பு

ஆங்கிலத்தில் கருப்பைக்கு வழங்கிய பழஞ்சொற்கள் இன்னும் சில உள. பழைய ஆங்கிலத்தின் 'சில்ட்ஹாமா' என்பது குழந்தையின் உறை என விரியும் தொகைச்சொல்; தமிழின் கரு + பை என்னும் அமைப்பிற்கு அது நேர் இணையாகும். இலத்தீனில் தாயைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த 'மேட்ரிக்ஸ்' என்பதும் நெடுங்காலம் கருப்பையின் பெயராக ஆங்கிலத்தில் நின்றது. ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பின் யாத்திராகமத்தில் தலையீற்றைக் குறிக்குமிடத்து இச்சொல் வருகிறது. ஒன்றை உருவாக்கித் தரும் இடம் என்னும் கருத்தால் இது அச்செழுத்து வார்ப்பிற்கும், 1850இல் சில்வெஸ்டர் என்னும் அறிஞரால் கணிதத்திற்கும் சென்றது. தமிழ்க் கணித நூல்களில் அது 'அணி' என வழங்குவதால், அச்சொல்லுக்குப் பின்னிருந்த தாய் மறைந்துபோயினாள்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் 'மதர்' என்னும் தாய்ச்சொல்லே அவ்வுறுப்பின் பெயராகவும், அதனால் விளைவதாகக் கருதப்பட்ட நோயின் பெயராகவும் வழங்கியது. 1603இல் எட்வர்டு ஜோர்டன் என்னும் மருத்துவர் அந்நோய் குறித்துத் தனிநூலே எழுதினார். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன், தன் நெஞ்சை நோக்கி மேலெழும் துயரை அந்நோயின் பெயரால் சுட்டுகிறான். உடலுக்குள் அலையும் ஓர் உயிரியாகக் கருப்பையைக் கருதிய கிரேக்கச் சிந்தனையின் எச்சம் இது. பிளேட்டோவின் டிமேயஸ் என்னும் நூலில் அக்கருத்து இடம்பெற்றுள்ளது. கருப்பைக்குரிய 'ஹிஸ்டெரா' என்னும் கிரேக்கச் சொல்லினின்றே 'ஹிஸ்டீரியா' என்னும் நோய்ப்பெயரும் பிறந்தது. ஒரு பெயர் பெண்ணின் உடல் பற்றிய தவறான மருத்துவக் கொள்கையைப் பல நூற்றாண்டுகள் சுமந்து செல்லவல்லது என்பது இதனாற் பெறப்படும்.

கன்னடப் பசிறு

தமிழின் 'வயிறு', மலையாளத்தின் 'வயறு', பழங்கன்னடத்தின் 'பசிறு' ஆகியன ஒரே மூலத்தின. கன்னடச் சொல்லின் முதலெழுத்து ஒலிப்புடைப் பகரமாகும். சொன்முதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரமாதல் பெருவழக்கு: வேர் – பேரு, வாய் – பாயி, வெண்ணெய் – பெண்ணெ. இடையில் வரும் யகரத்திற்குச் சகரம் நிற்றலும் அவ்வாறே: உயிர் – உசிரு, பெயர் – ஹெசரு. எனவே வயிறு – பசிறு என்னும் உறவு வெறும் ஒலியொப்புமையன்று. முறையான ஒலிமாற்ற விதிகளுக்கு உட்பட்டதாகும்.

பழங்கன்னடத்தில் இச்சொல் வயிறு, உட்பகுதி, கருப்பை, சூல் ஆகிய பொருள்களில் வழங்கியது. கிட்டல் 1894இல் வெளியிட்ட கன்னட – ஆங்கில அகராதி இப்பொருள்களைத் தருகிறது. இன்றைய கன்னடப் பேச்சிலோ 'பசிரு' என்பது கருவுற்ற நிலையையே குறிக்கிறது; 'பசுரி' என்பவள் கருவுற்றவள். பொதுவயிற்றுக்கு 'ஹொட்டெ' என்னும் சொல் வந்து நின்றது. தெலுங்கின் 'பொட்ட' இதனோடு உறவுடையது. அடிவயிறும் 'கிப்பொட்டெ'யே.

ஆங்கிலத்தில் 'பெல்லி' வந்ததும் 'வூம்' சுருங்கியதுபோல, கன்னடத்தில் 'ஹொட்டெ' வந்ததும் 'பசிறு' சுருங்கியது. சுழற்சியின் அடுத்த கட்டமும் அங்குக் காணப்படுகிறது. கன்னடத் தாய் தன் மகனைத் தன் 'ஹொட்டெ'யில் பிறந்தவன் என்றே கூறுவாள். எரேமியாவின் 'பெல்லி'க்கு நிகரான வழக்கு இது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிக்குடும்பங்களில் ஒரே வகைப் பொருள்மாற்றம் நிகழ்ந்துள்ளமை, இது கடன்கொள்ளலால் அன்றிச் சொற்களின் இயல்பான போட்டியால் விளைந்தது என்பதைக் காட்டும்.

மகப்பேற்றுத் துணைவியின் பெயர்களிலும் இச்சொற்கள் உறைந்துள்ளன. மலையாளத்தில் அவள் 'வயற்றாட்டி'. வயிறே அப்பெயரின் முதனிலை. கன்னடத்தில் அவள் 'சூலகித்தி'. தமிழின் 'சூல்' அதில் உள்ளது. தும்கூரு மாவட்டப் பாவகடப் பகுதியில் ஊதியம் கருதாது ஆயிரக்கணக்கான மகப்பேறுகளுக்குத் துணைநின்று, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்று, அவ்வாண்டிறுதியில் மறைந்த நரசம்மா, 'சூலகித்தி நரசம்மா' என்றே நாடறியப்பட்டார். தமிழில் பெரும்பாலும் ஏட்டுவழக்காகிவிட்ட 'சூல்', எல்லைக்கு அப்பால் ஒரு பெண்ணின் பெயரடையாக வாழ்ந்தது ஈண்டுச் சுட்டத்தக்கது.

தமிழ் வயிறு

தமிழிலும் வயிற்றுக்கு அகடு, மோடு, உதரம் முதலிய வேறு சொற்கள் இருந்தன. ஆயின் அவற்றுள் எதுவும் பேச்சுவழக்கில் 'வயிறு' என்பதனை அதன் இடத்திலிருந்து பெயர்க்கவில்லை. ஆதலின் 'வயிறு' உணவின் இடமாகவும் கருவின் இடமாகவும் ஒருங்கே நின்றது. தெலுங்கின் 'கடுபு' என்பதும் இத்தகையதே.

புறநானூற்றின் 86ஆம் பாடலில், மகன் எங்குளன் என வினவியவளுக்கு விடைகூறும் தாய், அவனை ஈன்ற தன் வயிற்றைப் புலி தங்கிச்சென்ற கற்குகையோடு ஒப்பிடுகிறாள். காவற்பெண்டு பாடிய அப்பாடலில் கருத்தாங்கிய இடத்திற்கு ஆளப்படும் சொல் 'வயிறு' என்பதே. 183ஆம் பாடலில் ஒருதாய் மக்களைச் சுட்ட 'உடன்வயிறு' என்னும் ஆட்சி உள்ளது. உடன்பிறந்தானைக் குறிக்கும் வடமொழிச் 'சகோதரன்' ஒரே உதரத்தினன் என விரியும். அதே பொருளுடைய கிரேக்க 'அடெல்ஃபாஸ்' ஒரே கருப்பையினன் என விரியும். உறவை வயிற்றால் அளக்கும் மரபு பரந்துபட்டது என்பது இவற்றால் விளங்கும். மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் கரு மாதந்தோறும் கடந்துவரும் இடர்களை விரிக்குமிடத்தும் தாயின் 'உதரம்' என வயிற்றுச் சொல்லே வருகிறது.

இப்பரந்த பொருளுக்கு மிக வலிய சான்று இன்றைய உறவுமுறை வழக்காகும். மகளுக்குப் பிறந்தவனை 'மகள் வயிற்றுப் பேரன்' எனல் எளிதில் விளங்கும். ஆயின் மகனுக்குப் பிறந்தவனையும் 'மகன் வயிற்றுப் பேரன்' என்றே தமிழர் கூறுவர். ஆண்மகனின் வயிறு இங்கு உறுப்பன்று. வழிமரபு பிறக்கும் ஊற்றாகும். தாவீதின் 'வூம்'பைக் கூறிய விக்ளிஃப் மொழிபெயர்ப்பிற்கும் இவ்வழக்கிற்கும் இடையே உள்ள ஒப்புமை வியக்கத்தக்கது. ஆங்கிலம் இழந்துவிட்ட அப்பொருட்பரப்பைத் தமிழ் இன்றும் காத்துவருகிறது. 'பெற்ற வயிறு', 'வயிறு எரிதல்', 'வயிறு குளிர்தல்' முதலிய தொடர்களின் ஆற்றலும் இப்பரப்பினின்றே எழுகிறது. பசியும் பாசமும் ஒரே இடத்தில் தங்குவதால் அவை உணர்ச்சி மிக்கனவாகின்றன.

எனவே, புறநானூற்றுத் தாயின் கூற்றை உரைநடைப்படுத்துவோர் 'வயிறு' என்பதனைக் 'கருப்பை' எனப் பெயர்த்தல் பிழையன்றெனினும் குறையுடையதாகும். அவள் சுட்டிக்காட்டுவது உடற்கூற்றியலின் ஓர் உறுப்பையன்று, தன் வயிற்றையே.

கருப்பை, கருவறை, கர்ப்பப்பை

'கருப்பை' தற்காலத் தனித்தமிழாக்கம் எனக் கருதுதலும் பொருந்தாது. பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடலொன்றில், இனியொரு தாயின் கருப்பையை அடையாமற் காக்குமாறு வேண்டுமிடத்து, அதனை ஓர் ஊர்ப்பெயர்போல் அமைத்துச் சொல்விளையாட்டு நிகழ்த்தப்பட்டுள்ளது. விளையாட்டிற்கு இடந்தருமளவு அச்சொல் கேட்போர்க்குப் பழகியிருந்தது என்பது தெளிவு.

இன்று கவிதையில் பெரிதும் பயிலும் 'கருவறை' என்பதன் நிலை வேறு. கோயிலின் உள்ளறையைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'திருவுண்ணாழிகை' எனக் குறிக்கும். வடமொழிக் 'கர்ப்பக்கிருகம்' என்பதன் நேர்பெயர்ப்பாகவே 'கருவறை' அமைந்தது. கன்னடத்தில் அது 'கர்ப்பகுடி'. தாயின் உறுப்பினின்று கோயிலுக்குச் சென்ற உருவகம், தமிழ்க் கவிதையில் மீண்டும் தாயிடம் திரும்பியுள்ளது.

உறுப்பைத் தனித்துப் பெயரிடவேண்டிய தேவை உடற்கூற்றியல் கல்வியால் வலுப்பெற்றது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822 – 1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மேலை மருத்துவத்தைத் தமிழ்வழியே கற்பித்தார். மான்செல் என்பாரின் மகப்பேற்று நூல் 1857இல் தமிழில் வெளிவந்தது அவர் முயற்சியாலாகும். தமிழ்ச்சொல், வடசொல், ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் அவர் தம் நூல்களில் பயன்கொண்டார். பின்னர், 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்ட காலத்தில், அறிவியற் சொற்கள் தமிழினவாதல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. இதன் விளைவாக இன்று தமிழில் ஒரு பங்கீடு நிலவுகிறது: பாடநூலில் 'கருப்பை', பேச்சில் 'கர்ப்பப்பை', கவிதையில் 'கருவறை', உணர்ச்சியில் 'வயிறு'. ஆங்கிலத்திலும் மருத்துவர் 'யூட்டரஸ்' என, கவிஞர் 'வூம்' என்கிறார்.

சொல்லும் சிகிச்சையும்

இப்பங்கீடு ஏட்டளவில் நிற்பதன்று. தேவையற்ற கருப்பை நீக்க அறுவைகளைத் தடுக்கும் மைய அரசின் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அறுவைக்கு முன் பெண்ணின் தெளிந்த இசைவு பெறப்படல் வேண்டும் எனின், நீக்கப்படும் உறுப்பு எது, அதன் பணி யாது என்பது அவளறிந்த சொல்லில் கூறப்படல் வேண்டும். 'வயிற்றில் கோளாறு', 'வயிற்றில் ஆபரேஷன்' என்னும் பொதுக்கூற்றுகள் இங்கு ஆபத்தானவை; 'வயிறு' என்பதன் பரப்பு கவிதைக்கு வளமாயினும் இசைவுப் படிவத்திற்குக் குறையாகும். மறுதலையாக, ஏட்டுச்சொல்லை மட்டும் அச்சிட்டுக் கையெழுத்துப் பெறுதலும் இசைவாகாது. ஆனேக்கல் போன்ற மும்மொழிப் பகுதிகளில் 'கர்ப்பப்பை', 'கர்ப்பசீல', 'கர்ப்பசஞ்சி' ஆகிய கலப்புச் சொற்களே ஒருவர் சொல்வதை மற்றவர் உணர வழிசெய்கின்றன. தூய்மை நோக்கில் அவற்றை ஒதுக்குதல் பயனுடையதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஆங்கில 'வூம்' தொடக்கத்தில் வயிற்றைக் குறித்து, 'பெல்லி'யின் வரவால் கருப்பைக்கெனச் சுருங்கியது. கன்னடப் 'பசிறு' அதே முறையில் 'ஹொட்டெ'யின் வரவால் சூல்நிலைக்கெனச் சுருங்கியது. தமிழ் 'வயிறு' போட்டிச்சொல்லால் பெயர்க்கப்படாமையின் முழுப்பரப்புடன் நின்றது. ஆகவே தனிச்சொல் இன்மையால் தமிழ் கடன்பட்டது என்னும் கூற்று நிலைபெறாது. 'கரு', 'சூல்', 'வயிறு', 'கருப்பை' ஆகியன இருக்கவே 'கர்ப்பப்பை' அவற்றோடு வந்து சேர்ந்தது. உறுப்பை உடலினின்று பிரித்துப் பெயரிடும் வழக்கு எம்மொழியிலும் தேவையையொட்டி வலுப்பெறுவதே. அதற்கு முன்னர் மொழிகள் வயிற்றையே பெயராகக் கொண்டன.

எல்லைப்புறத்து ஊரொன்றில் ஒரு தமிழ்ப்பெண் தன் 'வயிறு' என்பதற்கும், அவளுடைய அண்டைவீட்டுக் கன்னடப்பெண் தான் 'பசுரி' என்பதற்கும் இடையே உள்ள உறவை அவ்விருவரும் அறியார். ஆயினும் இருவர் வாயிலும் வழங்குவது ஒரு சொல்லே. அகராதி தொகுப்போரும் உரைகாண்போரும் மருத்துவக் கலைச்சொல் ஆக்குவோரும் அவ்வொருமையை அறிந்திருத்தல் வேண்டும்.